கணக்கப்பிள்ளை வீட்டுக் கறுப்பு நாயின் பெயர்

பச்சைத் தேயிலை வாடும் மணம் பிடிக்காதவர்கள் குறைவு. ஐப்பசி மழையில் நனைந்து வந்த நாயின் நாற்றம் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. இவ்விரண்டும் சரிபாதியாகக் கலந்து, அதன்மேல் ஈர விறகின் புகையும் கொஞ்சம் படிந்தால் என்ன வாசனை வருமோ, அதுதான் என் பிள்ளைப் பருவத்தின் வாசனை. நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலைக்குச் சற்று மேலே எங்கள் வீடு இருந்தது. பதுளைக்கு ரயில் இன்னும் வந்திராத காலம். என் தகப்பனார் ராமசாமி அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அதாவது விடியுமுன் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பி, அந்தியில் அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்து வாங்கி, இடைப்பட்ட நேரத்தில் வெள்ளைக்காரத் "தொரை"யிடம் தாம் வாங்கிய திட்டுகளைக் கங்காணிகளுக்குக் குறைவில்லாமல் பங்கிட்டுக் கொடுப்பவர்.

அம்மா திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு "லயம்" என்று பெயர். கணக்கப்பிள்ளை சம்சாரம் லயத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசினால் அப்பாவின் அதிகாரம் கரைந்துவிடும் என்று ஒரு விதி இருந்தது. தொரையின் பங்களாப் பக்கம் போவதற்கோ விதியே தேவைப்படவில்லை. ஆக, எங்கள் வாசற்படிக்கும் கோழிக்கூண்டுக்கும் இடையில் கிடந்த நிலம்தான் அவளுக்கு அளந்து விடப்பட்ட உலகம். அந்த உலகத்துக்குள் ஒரு மழை நாளில், எவர் அனுமதியும் பெறாமல், ஒரு கறுப்புக் கடுவன் நாய் வந்து படுத்தது. அம்மா அதனிடம் பேசத் தொடங்கினாள். அரிசியில் கல், அடுப்பில் புகை, ஊரிலிருந்து வராத அண்ணன் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, அது தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்கும். அந்த வீட்டில் அவ்வளவு பொறுமையாக அவளைக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நாயைப் பிடிக்காது. ஆனால் தாம் உண்டு மிச்சம் வைத்ததை அது தின்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. அதற்குப் பெயரும் இல்லை. எந்நேரமும் காலடியில் கிடப்பதைக் கூப்பிட வேண்டிய அவசியம் என்ன?

அவசியத்தைத் தொரை உண்டாக்கினார். பக்கத்து மலையில் ஒரு வெறிநாய் இரண்டு பேரைக் கடித்துவிட்டது. உடனே உத்தரவு பிறந்தது. நாய் வைத்திருப்போர் எல்லாரும் வரும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பெரட்டுக்களத்துக்கு, அதாவது காலையில் ஆளெண்ணும் மைதானத்துக்கு, கொண்டுவர வேண்டும். காவல்காரன் நாயை ஒரு கோடியில் பிடித்துக்கொள்வான். சொந்தக்காரர் மறுகோடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாய் வந்தால் அதன் கழுத்தில் பெயர் குத்திய தகரம் தொங்கும். வராவிட்டால் அது அநாதை நாய், தொரையின் துப்பாக்கிக்குச் சேர்ந்தது. பிற்காலத்தில் நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்தே தலை நரைத்தவன் நான். உடைமையை நிலைநாட்ட இவ்வளவு சுருக்கமான விசாரணையை அங்கே ஒருநாளும் கண்டதில்லை. மேன்முறையீட்டுக்கு இடமில்லை என்பது மட்டுமே அதன் குறை.

அந்த உத்தரவைப் பெரட்டில் உரக்க வாசித்தவர் என் தகப்பனார்தான். வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம் அம்மா கேட்டாள்.

"நம்ம நாயிக்குப் பேரே இல்லீங்களே?"

"இல்லாட்டி ஒண்ணு வையி. கறுப்பா இருக்கு, கருப்பன்னு வையி. இதுக்கு ஒரு கச்சேரியா?"

கச்சேரிதான் நடந்தது. மறுநாள் காலையில் அம்மா வாசலில் நின்று, "கருப்பா! டேய் கருப்பா! வாடா இங்க!" என்று ஒத்திகை பார்த்தபோது, வேலிப் படலைக்கு வெளியே குடையும் கோட்டும் கடுக்கனுமாகப் பெரிய கங்காணி கருப்பையா நின்றுகொண்டிருந்தார். லயத்து ஆட்களில் பாதிப் பேரைக் கடல் கடந்து கூட்டி வந்தவர். அப்பாவே அவர் முன்னால் குரலை இறக்கித்தான் பேசுவார்.

"என்னையாம்மா கூப்பிட்டீங்க?" என்றார் கங்காணி.

அம்மா உள்ளே ஓடிவிட்டாள். அப்பா வெளியே வந்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கங்காணி கோபப்படவில்லை, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "எனக்கு ஒண்ணுமில்ல பிள்ள. ஆனா அது எல்லயக் காக்குற கருப்பண்ணசாமி பேரு. அத வச்சுக்கிட்டு நானே அறுவது வருசமா பயந்து பயந்து நடக்குறேன். நாயி தாங்குமா?"

பிறகு, பெரிய மனிதர் என்ற முறையில், அவரே பெயர் தேட உட்கார்ந்தார். முனியன் என்றார், முனியாண்டி கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். காளி என்றார், இது கடுவன் என்று நினைவு வந்து நிறுத்தினார். மாயன் என்றார், அது அவருடைய சம்பந்தி பெயர். கடைசியில், "கறுப்புக்கு ராமனைவிட என்ன பேரு இருக்கு? ராமான்னு கூப்பிடுங்க" என்றார். கதவுக்குப் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் வழக்கம். நாயின் ஆயுசைக் காப்பாற்ற அப்பாவின் ஆயுசில் கைவைக்க முடியுமா? கங்காணி நாக்கைக் கடித்துக்கொண்டு குடையை எடுத்தார். தமிழில் கறுப்பாக இருப்பவர் ஒன்று சாமி, அல்லது சம்பந்தி என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வெலிமடையிலிருந்து காய்கறி மூட்டையோடு வரும் சிங்களக் கிழவரிடம் அம்மா யோசனை கேட்டாள். "கறுப்பு நாய்தானே அம்மே? களுவா சொல்லுங்க. எங்க ஊர்ல எல்லாம் அதுதான்" என்றார் அவர். சிங்களத்தில் "களு" என்றால் கறுப்பு. நல்ல பெயர்தான். ஆனால் தோட்டத்துக்கு அரிசி ஏற்றி வரும் வண்டிக்காரர் களுபண்டாவைத் தோட்டமே களுவா என்றுதான் கூப்பிட்டது. அவர் கோபித்துக்கொண்டால் அரிசி வரும் வழியில் எல்ல கணவாயிலேயே நின்றுவிடும். "அண்ட வீட்டாரோட நாயி பேரால சண்ட வரக்கூடாது" என்று அப்பா அதையும் தள்ளினார்.

சனிக்கிழமை அவர் தாமே முடிவெடுத்தார். யாருக்கும் சொந்தமில்லாத பெயர் வேண்டுமென்றால் இங்கிலீஷில்தான் வைக்க வேண்டும்; தொரையின் நாக்குக்கும் அது எளிது. ஆகவே நாய்க்கு "டைகர்" என்று பெயர் வைக்கப்பட்டது.

"புலி மாதிரி எங்கங்க இருக்கு? கோழியக் கண்டாலே ஒதுங்கிப் போகுதே?" என்றாள் அம்மா.

"பேருல என்ன இருக்குன்னு பாக்காத. கூப்பிட்டா வருதான்னு பாரு."

அன்று பகல் முழுதும் அப்பா முற்றத்தில் நின்று, மீசையை நீவிக்கொண்டு, "டைகர், கம்!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். நாய் ஒவ்வொரு முறையும் மரியாதையாகத் திரும்பி, தனக்குப் பின்னால் யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நாயிடம் பேசவும் இல்லை; அதன் பக்கத்தில் உட்கார்ந்து, காதில் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். நாளைக்குச் சுடப்படப் போவதானாலும் சுத்தமாகப் போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில் திருவிழாக் கூட்டம். தொரை ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் துப்பாக்கி. தோட்டத்து ஆசாரி தகரத் துண்டுகளும் ஆணியும் சுத்தியலுமாகப் பக்கத்தில் இருந்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, விதியை மறந்து, லயத்துப் பெண்களுக்கு நடுவிலேயே நின்றாள். லயத்து நாய்களெல்லாம் ஒழுங்காக வந்தன. ஒன்று கூப்பிடும் முன்பே வந்தது. இன்னொன்று அடுத்தவன் குரலுக்கு வந்து, நின்று யோசித்து, திருத்திக்கொண்டு தன் எசமானிடம் போனது. ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் செலவாகாமல் எங்கள் முறை வந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். காவல்காரன் நாயை விட்டான்.

"டைகர்!"

நாய் உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்தது.

"டைகர்! கம்!"

சுற்றிலும் ஒரு சிரிப்பு எழுந்து, கணக்கப்பிள்ளை என்பதால் அடங்கியது. மூன்றாம் முறை அவர் கூப்பிட்டபோது குரல் உடைந்திருந்தது. அதிகாரத்தின் குரல் அல்ல அது. நாய் கொட்டாவி விட்டது.

தொரை எழுந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஏவல் தமிழ். "வா", "போ", "வெட்டு" என்பவற்றுக்கு அப்பால் அவர் இலக்கணம் பயின்றதில்லை. "ஒன் நாய் இல்லே. தள்ளிப் போ" என்று சொல்லித் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார். அப்பா தள்ளிப் போகவில்லை. ஆனால் என்ன செய்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை. அப்படியே நின்றார்.

அப்போதுதான் அம்மா கத்தினாள். கூட்டம், தொரை, மானம், மரியாதை எதையும் பார்க்காமல், புருஷனை நோக்கி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஏங்க! ஏங்க!"

அப்பா திரும்பினார். நாயும் எழுந்தது. எழுந்த வேகத்தில் மைதானத்தை நீளவாட்டில் கடந்து, தொரையின் சப்பாத்துக் காலை உரசிக்கொண்டு, அப்பாவையும் முந்திவந்து அம்மாவின் காலடியில் விழுந்து வாலை அடித்தது. ஓட்டமும் நடையுமாக வந்த அப்பா இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

விஷயம் மிகவும் எளிது. தினமும் இரண்டு வேளை அம்மா அடுப்படி வாசலில் நின்று "ஏங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவாள். அப்பா வருவார், சாப்பிடுவார், எழுந்ததும் மிச்சம் நாய்க்குப் போகும். அந்த நாய்க்குத் தன் பெயர் என்ன என்பதில் ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. நாங்கள்தான் வீணாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

தொரை துப்பாக்கியைத் தாழ்த்தினார். "நாய் பேர் என்னா?"

அப்பா மீசையை நீவினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெரிய கங்காணிதான் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏங்கங்க, தொரைகளே" என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

தொரை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பெயர் சரிதானா என்று சோதிக்க, மைதானம் அதிர, "ஏங்க!" என்று கூப்பிட்டார். லயத்து ஆண்பிள்ளைகள் பழக்க தோஷத்தால் வரிசையாகத் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து அம்மாவும் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நாய் மட்டும் அசையவில்லை. யார் கூப்பிட்டால் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியும். ஆசாரி தகரத்தில் பெயரைக் குத்திக் கட்டிவிட்டான். அந்தத் தோட்டத்தில் தொரை மரியாதை கொடுத்துக் கூப்பிட்ட தமிழ் அறிந்த ஜீவன் அது ஒன்றுதான். அப்பா உட்பட மற்ற எல்லாருக்கும் "டேய்"தான்.

அதன்பிறகு அப்பாவின் பாடு திண்டாட்டமாயிற்று. அம்மா கூப்பிட்டால் முதலில் வருவது நாய். கொஞ்ச நாளில் அவள் அப்பாவை என் பெயரைச் சேர்த்து "ராசு அப்பா" என்று கூப்பிடத் தொடங்கினாள். "எங்கருந்தோ வந்து எம் பேரப் புடுங்கிக்கிச்சே" என்று அவர் நாயைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பார். லயத்துப் பெண்களோ அம்மாவிடம் பேச அஞ்சிய காலம் போய், "உங்க ஏங்க எப்படிம்மா இருக்காரு?" என்று விசாரிக்க வாசல்வரை வர ஆரம்பித்தார்கள். அப்பாவின் அதிகாரம் கரைந்ததாகத் தெரியவில்லை.

நாய் மூப்படைந்து செத்தபோது நான் பதுளையில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா ஏதோ கேட்க வந்து, கேட்காமல் போய், மறுபடி வந்து, "நாயிதான் போயிருச்சே. உங்கம்மா இன்னமும் ராசு அப்பான்னே கூப்பிடுறா. நீ கொஞ்சம் சொல்லேன்" என்றார். நான் போய்ச் சொன்னேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்கன்னு கூப்பிட்டா ரெண்டு பேரு வருவாங்கடா. இப்பக் கூப்பிட்டு ஒருத்தரு மட்டும் வந்தா, எனக்கு மனசு கேக்காது" என்றாள். அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் பிறகு யாரிடமும் அந்த வழக்கை எடுக்கவில்லை.

அந்தப் பெரட்டுக்களத்தில் இன்றைக்குத் தேயிலை நட்டிருக்கிறார்கள். தொரைமார் கப்பலேறிவிட்டார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்ற பயமும் போய்விட்டது. பதுளையில் என் பக்கத்து வீட்டுப் பெண் புருஷனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்; நாயை "செல்லம்" என்கிறாள். அழைப்பு முறையில் நான் குற்றம் காண மாட்டேன். இரண்டு பெயர்களும் தெளிவாகவே இருக்கின்றன. அந்தியில் அவள் வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இருவரும் வருவதாகக் காணோம்.