எழுதியவர்: இம்மாகுலேற்

இம்மாகுலேற்றுக்குக் கோபம் வந்தால் பாரிஸின் லா சப்பலில் பாதிப் பேர் தெருவின் எதிர்ப்பக்கம் மாறிவிடுவார்கள். பலசரக்குக் கடையில் வேலை முடிந்த கையோடு, இறந்துபோன சாதாரண மனிதர்களைப் பற்றி ஒன்பது வருடமாகத் தன் வலைப்பூவில் எழுதிவருபவள். நாளுக்கு நாற்பது பேர் படித்தாலே பெரிய காரியம். ஆனாலும் அவளுக்கு ஒரு விதி உண்டு: நெருங்கிய உறவுகளுக்கு வாயால் சொல்லி முடியும்வரை ஒரு வரியும் வெளியே போகாது.

செவ்வாய் காலை, உணவகச் சமையற்காரன் உதயன் நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் மனைவி கஜந்தினி அழுதபடி அழைத்தாள்.

"அக்கா, ஸ்தேனிலை இருக்கிற மாமிக்கு இன்னும் சொல்லேல்லை. நானே நேரிலை போறன். அதுவரைக்கும் போடாதேங்கோ."

"நீ சொல்லிப்போட்டு எனக்கு எடு. பிறகுதான் போடுவன்."

எழுதியதை, உறவுப்பெயர்கள் சரிபார்க்கக் கஜந்தினிக்கு அனுப்பினாள். ஒரு பெயர் விடுபட்டால் செத்தவீட்டிலேயே சண்டை வருமே! கஜந்தினி அதை மச்சான்மாருக்கு அனுப்ப, அவர்களில் ஒருவன் கரிகாலனுக்குத் தள்ளிவிட்டான். கரிகாலனின் பேஸ்புக் பக்கத்துக்கு முப்பதாயிரம் பேர். அந்தப் படுபாவி அரை மணி நேரத்தில் படத்தோடு போட்டுவிட்டான். கஜந்தினி கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறுமுன்னே, மாமி வள்ளிநாயகி கைபேசியில் மகனின் சாவைப் படித்துவிட்டாள்.

இம்மாகுலேற் அவனைத் தேநீர்க்கடையில் பிடித்தாள்.

"வெக்கங்கெட்டவனே, பெத்த தாய்க்கு முதல் ஊருக்கோ சொல்லுறாய்?"

"அக்கா, செய்தியெண்டால் முந்தவேணும். உங்கடையை ஆர் பாக்கினம்?"

"என்ரை எழுத்தைக் களவெடுத்ததுமில்லாமல் வாய் வேறையோ! எடுடா அதை!"

கடையே திரும்பிப் பார்த்தது. கரிகாலன் அவசரமாகக் கைபேசியைத் தட்டினான்.

"சரி, சத்தம் போடாதேங்கோ. செய்தாச்சு."

அவன் எதையும் எடுக்கவில்லை. களவுதான் அவளுடைய கோபத்துக்குக் காரணம் என்று நினைத்துவிட்டான், நாசமாய்ப்போவான்! அடியில் 'எழுதியவர்: இம்மாகுலேற்' என்று சேர்த்து, வலைப்பூவின் முகவரியையும் கொடுத்திருந்தான். பின்னேரத்துக்குள் ஆறாயிரம் பேர் வந்தார்கள். ஒன்பது வருடத்தில் வராத கூட்டம். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது வள்ளிநாயகி அழைத்தாள்.

"ஞாயிறிலை எனக்கு ஆட்டெலும்பு ரசம் காய்ச்சிக்கொண்டு வாறவன் எண்டு எழுதினது நீயோ பிள்ளை?"

"ஓம் அம்மா. ஆனால் நான்..."

"வடிவாய்த்தான் எழுதியிருக்கிறாய். எனக்கு முதல்லை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

காலையில் தேநீர்க்கடையை அதிரவைத்த வாய் அது. "பிழைதான் அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொன்னது.