வேல்ஸ் நாட்டுக்குத் தமிழில் என்ன?

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்குகிறேன். ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டு வேல்ஸ் நாட்டைப் பற்றிச் சர்ச் மண்டபத்தில் பேச வந்திருக்கிற சரித்திர வாத்தியார் நான். என்னை அழைத்துப்போக வந்த எஸ்தர் டீச்சர் டீ வாங்கித் தருகிறார்.

"அந்த ஊர்ல அப்படி என்ன விசேஷம் சார்?"

"அங்க பெரிய மனுஷங்க இங்கிலீஷ் பேசினாங்க. ஜனங்களுக்கு அது புரியல. வாத்தியாருங்க ஊர் ஊராப் போய், குளிர்காலம் பூரா தங்கி, ஜனங்களோட சொந்த பாஷையிலயே படிக்கக் கத்துக்கொடுத்தாங்க. விவசாயிங்ககூட பைபிள் வாசிச்சாங்க" என்கிறேன்.

"நல்லாருக்கு சார். இப்படியே பேசுங்க. வர்றவங்க ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆளுங்க, அவங்க வீட்டுப் பொம்பளைங்க. எல்லாருக்கும் புரியும்."

என் பையில் இருப்பது முழுக்க இங்கிலீஷ் உரை. அதை எழுதிய மாதங்களில், கேட்கிறவர்களின் பாஷையில் பேசலாம் என்ற யோசனை எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, "ஆமாமா, தமிழ்தான்" என்கிறேன்.

ரிக்‌ஷாவில் ஏறியதும் மனதுக்குள் மொழிபெயர்க்கத் தொடங்குகிறேன். டீச்சரிடம் சரளமாக வந்த தமிழ், மேடை என்றதும் ஓடி ஒளிந்துகொள்கிறது. மண்டபம் வந்துவிடுகிறது. பெஞ்சுகள் நிரம்பியிருக்கின்றன. இதுவரை தேறியிருப்பது 'சபையோரே' என்ற ஒரு சொல்தான்.