மோவாய் அசைந்தால் பக்கம் புரளும்

செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, காலுறையோடு பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்காருகிறார் மருந்துக்கடை அக்கா. சுவரை அடைத்து நிற்கும் குழல்களின் வழியே ஒலிக்கும் ஆர்கனில் கைக்கு மூன்று வரிசைக் கட்டைகள்; காலுக்குத் தனியாக ஒரு வரிசை. "குனிஞ்சு தேடக்கூடாது. காலு அதுவா போய் நிக்கணும்" என்பார்.

ஆறு நாள் மருந்துக்கடை கவுன்டர். ஞாயிற்றுக்கிழமை தேவாலய மாடியில் இந்த வாத்தியம். இசைப் புத்தகத்தில் மொய்க்கும் புள்ளிகளைப் பார்த்து நான் மலைத்தபோது, "டாக்டருங்க கிறுக்கலையே படிக்கிறவ நான். இது அச்சுல வேற இருக்கு!" என்று சிரித்தார்.

கையும் காலும் வேலையாக இருப்பதால் பக்கம் புரட்ட ஓர் ஆள் வேண்டும். அது அவர் கணவர். கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்க்கிறார். இசை படிக்கத் தெரியாது. அக்கா மோவாயை அசைத்தால் புரட்டுவார், அவ்வளவுதான் ஏற்பாடு.

போன மாதம் தொழிற்சாலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டு உலைகளில் ஒன்றை அணைக்கப்போகிறார்கள். வேலை போகிறவர்களின் பட்டியல் திங்கட்கிழமை வரும். பாதி ஊரில் அடுப்பெரிவது அந்த உலைகளால்தான். கடையில் தூக்க மாத்திரை தட்டுப்பாடு. அக்காவோ பட்டியலுக்கு முந்தைய நாள் மாலை ஆர்கன் கச்சேரி என்று அறிவித்துவிட்டார். "இந்த நேரத்துலயா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "லிஸ்டு திங்கக்கிழமைதானே? ஞாயித்துக்கிழமையே எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போடணும்?"

வீட்டில்தான் அந்தப் பேச்சு எடுபடவில்லை. தன் பெயரும் பட்டியலில் இருக்குமோ என்று கணவர் பத்து நாளாக வேலைக்குத் தவிர வாசல் தாண்டவில்லை. "நான் வரல. எல்லாரும் என்னையே பாப்பாங்க."

"நாம பின்னாடி மாடியில. எல்லாரும் நமக்கு முதுகக் காட்டிட்டுத்தான் உக்காந்திருப்பாங்க. கிளம்புங்க."

வந்தார். நான் மாடிப்படியின் கடைசிப் படியில் இருந்தேன். கீழே இடமில்லை, இருமல்கூட அடக்கமாகத்தான் கேட்டது. மூன்றாவது பாடலில் அக்காவின் மோவாய் அசைந்தது. அவர் பதற்றத்தில் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். திருப்பப் போனால் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை.

"பாத்தியா, இதுக்குக்கூட நான் லாயக்கில்ல" என்று எழுந்தார்.

அக்காவின் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. "புத்தகத்த மூடுங்க. மூடிட்டு இங்கயே உக்காருங்க" என்றார், வாசித்துக்கொண்டே.

அதற்குப் பிறகு வந்தது எதுவும் எந்தத் தாளிலும் இல்லை. முதலில் தட்டுத்தடுமாறிய கைகள் பிறகு பிடித்துக்கொண்டன; கால்கள் ஓடின; பெரிய குழல்கள் முழங்கியதில் நான் உட்கார்ந்திருந்த படியே அதிர்ந்தது. எனக்கு இசை ஞானம் சுத்தமாகக் கிடையாது. ஆனாலும் நாளைக்கு என்ன வந்தாலும் சமாளித்துவிடலாம் என்று நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கீழே குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

ஆர்கனில் கட்டையை விடாதவரை ஒலி ஓயாது. முடிக்கும் இடத்தில் அக்கா கணவரின் கையைப் பிடித்து இழுத்தார். உலைச்சூட்டில் காய்த்துப்போன அந்த விரலை ஒரு கட்டையில் வைத்து அழுத்தினார். பிறகு தன் கைகளையும் கால்களையும் எடுத்துக்கொண்டார். மற்ற ஒலியெல்லாம் அடங்கி, கணவரின் அந்த ஒற்றை ஒலி மட்டும் தேவாலயம் முழுக்க நின்றது.

"போதுங்க, எடுங்க" என்றார் அக்கா மெதுவாக.

அவர் எடுக்கவில்லை. அந்த விரல்மேல் மறு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார்.