தொட்டிக்குள் விட்ட கை

எதிர்வீட்டுக்காரர் புதிதாக மீன்தொட்டி வாங்கியிருக்கிறார். நேற்று வந்து, "டீச்சர், மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது. பசியா இருக்குமோ?" என்றார். பசியில்லை, மூச்சு முட்டுகிறது என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்துவிட்டது. மனுஷன் பயந்துபோனார்.

சிவகாசியில் இருந்தபோது எங்கள் அண்ணனும் ஒரு தொட்டி வாங்கினான். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறையில் அவனுக்கு வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதும் கையைக் கழுவிவிட்டு நேரே தொட்டிக்குள் விடுவான். மீன்கள் விரலைக் கொத்தும். சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பான். எத்தனை சோப்புப் போட்டாலும் மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பவுடர் நகக்கண்ணை விட்டுப் போகாது. அவன் சோறு தின்ற தட்டும் மினுங்கும். நாங்கள் அதையெல்லாம் கவனிக்கிற ஆட்களா?

மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. கல்லுப்புப் போட்டேன். மஞ்சள்தூள் போட்டேன். தண்ணீர்தான் குழம்பானது. செத்ததைப் பழைய காலண்டர் தாளில் சுற்றிக்கொண்டு மீன்கடை பாயிடம் சண்டைக்குப் போனேன்.

"நோய் மீனை என் தலையில கட்டிட்டீகளே பாய்!"

அவர் செவுளைப் பிரித்துப் பார்த்தார். "தொட்டிக்குள்ள கை விடுறது யாரும்மா?"

"எங்க அண்ணன்."

"எங்கன வேலை?"

சொன்னேன்.

"மொதல்ல அந்தக் கைய நிப்பாட்டுங்க. தெனமும் கொஞ்சம் தண்ணிய மாத்துங்க. அந்த மருந்தைச் செவுளு தாங்காது."

அன்று அம்மா அவனிடம், "ஏலே, இனிமே அதுல கைய விடாதலே. வாயில்லாச் சீவன், பாவம்" என்றாள்.

"கையத்தானம்மா விட்டேன். நான் நாள் முச்சூடும் அந்த மருந்துக்குள்ளதான கெடக்கேன். எனக்கு ஒண்ணும் சொல்லக் காணோம்?" என்று இருமிக்கொண்டே சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

மூன்று மீன்கள் பிழைத்தன. தெருவெல்லாம் பெருமையடித்தேன். அண்ணன் மறுநாளும் வேலைக்குப் போனான். பிறகு பல வருஷம் போனான். அவன் போனால்தான் நான் டீச்சர் டிரெய்னிங் முடிக்க முடியும். எனக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். கடைசி வருஷம், படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று உட்கார்ந்தே தூங்கினான்.

மீனைத் தொடாதே என்று சொல்ல எங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. வேலைக்குப் போகாதே என்று சொல்ல ஒருநாளும் வாய் வரவில்லை. இப்போது சொல்லலாம். எனக்குச் சம்பளமும் வருகிறது, பென்ஷனும் வரும். கேட்க அவன் இல்லை.