கத்திரி முளைக்கும் ரசம்

ரசத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, ஜெசிந்தா கண்ணை மூடுகிறாள். அண்ணி புனிதா கரண்டியோடு தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள்.

“இதுல கத்திரி முளைக்கும் அண்ணி.”

புனிதா இன்னும் அரை ஸ்பூன் உப்பைப் போடுகிறாள். கத்திரி முளைத்தால் உப்பு போதாது. பீட்ரூட் மட்டும் முளைத்தால் சரியான பதம். ஒன்றும் முளைக்காது என்றால் அன்று எல்லாருக்கும் தயிர்ச்சோறு.

ஜெசிந்தா திண்டிவனத்தை ஒட்டிய ஒரு நாற்றுப் பண்ணையில் பதினோரு வருடமாக விதை போடுகிறாள். பத்தாம் வகுப்பில் அறிவியலில் அறுபத்தெட்டு மதிப்பெண். அறுபத்தேழு என்று சொந்தக்காரர்கள் சொல்வது தவறு. எந்த விதை எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று பார்க்க, மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டில் இருந்த ஐந்து டம்ளரையும் வரிசையாக வைத்தாள். முதலாவதில் வெறும் தண்ணீர், இரண்டாவதில் ஒரு சிட்டிகை உப்பு, மூன்றாவதில் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போனாள். அந்தத் தண்ணீரில் நனைத்த துணிகளில் விதைகளை முடிந்துவைத்து, தினமும் பிரித்து எண்ணினாள். பீன்ஸ் இரண்டாம் டம்ளரிலேயே அழுகியது. அதிலேயே மிளகாயிலும் பாதி வரவில்லை. வந்ததற்கும் வேர் பூனை மீசை அளவுதான். கத்திரி மூன்று வரை தாக்குப்பிடித்தது. பீட்ரூட் ஐந்தாம் டம்ளரிலும் வெட்கமில்லாமல் தலையை நீட்டியது. அந்த இரண்டு வாரமும் வீட்டில் எல்லாரும் சொம்பைத் தூக்கித்தான் தண்ணீர் குடித்தார்கள்.

ஐந்து டம்ளரின் ருசியும் அவள் நாக்கில் தங்கிவிட்டது.

இந்தப் பங்குனியில் கிணறு வற்றத் தொடங்கவே, பண்ணைக்காரர் புகழேந்தி புது போர் போட்டார். காணை ஊர்க்காரர் ஒருவர் கேட்டிருந்த நாற்பது குழித்தட்டு மிளகாய் நாற்றுக்கு அந்தத் தண்ணீரைத்தான் விடவேண்டும் என்றார். ஒரு வாய் குடித்து, இளநீர் மாதிரி இருக்கிறது என்று சான்றிதழும் கொடுத்தார். அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலை.

ஜெசிந்தா ஒரு சொட்டு நக்கினாள். “ரெண்டாம் டம்ளர்ணே. மொளகா வராது.”

“உன் நாக்கப் பாத்துக்கினு நான் நர்சரி நடத்தணுமா?”

கடைசியில் ஒரு தட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர், ஒரு தட்டுக்குப் போர் தண்ணீர் என்று முடிவானது. இரண்டும் சமமாக வந்தால் ஜெசிந்தா அதன்பிறகு விதையைத் தொடக் கூடாது. வண்டியில் லோடு ஏற்றப் போகவேண்டும். சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால் பன்னிரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புனிதாவின் குழம்பு தீர்ப்பே இல்லாமல் பரிமாறப்பட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை எண்ணினார்கள். ஒரு தட்டுக்குத் தொண்ணூற்றெட்டு குழி. கிணற்றுத் தண்ணீரில் தொண்ணூற்றொன்று. போர் தண்ணீரில் முப்பத்தொன்று, அதுவும் இலை நுனி தீய்ந்து, குட்டையாக.

புகழேந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். முகம் மலர்ந்தது.

“முப்பத்திரெண்டு. இதோ ஒண்ணு கொழுகொழுன்னு நிக்குது பாரு. இது மட்டும் எப்டி வந்துச்சாம்?”

“அது பருப்புக்கீரைண்ணே. உப்புத் தண்ணின்னா அதுக்குக் கொண்டாட்டம்.”

அதை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, அவர் சட்டைப் பையில் செருகினாள். பிறகு யாரையும் கேட்காமல் போய், புது போரின் வாயிலிருந்து ஓஸ் குழாயைக் கழற்றினாள்.