திரும்பி வராத ஏழாம் அத்தியாயம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் வைத்திருந்தவர்களில் என்னைப் போல இன்னொருவரைக் காட்டுங்கள், பார்க்கலாம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் தகட்டைக் கையில் வாங்கினால் போதும், என்ன கேஜ், எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒரு பழைய மெஷினில் ஆரம்பித்துப் பதினொன்று வரைக்கும் கொண்டுபோனவன் நான். இதையெல்லாம் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஆசை வந்தபோது எந்தப் பதிப்பாளர் வாசலிலும் போய் நிற்கவில்லை. இணையத்தில் நாமே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். போட்டேன். அங்கேதான் மாட்டினேன்.

முதலில் நோட்டில் எழுதினேன். பிறகு அதைப் பார்த்துப் பார்த்து ஃபோனிடம் வாசித்தேன். அது எழுத்தாக்கிக் கொடுத்தது. ஆவடியில் எங்கள் அடுக்ககத்தில் மேல் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். மதுரைக்காரர், ஐடி கம்பெனி வேலை. புத்தகத்தை எந்தத் தளத்தில் ஏற்றுவது, அட்டையை எப்படி வைப்பது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது ஞாயிறு அவர் ஊருக்குப் போயிருந்தார். நான் பொறுக்கவில்லை. நானே ஏற்றினேன்.

ஏற்றிய ஃபைலில் ஏழாம் அத்தியாயம் இருந்தது. என் ஷாப்பிலேயே வேலை பார்த்த தம்பிக்கு வலது கையில் இரண்டு விரல் போன கதை அது. பிரஸ் மெஷினுக்கு முன்னால் கை உள்ளே போகாமல் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும். அன்றைக்கு ஆர்டர் அவசரம். தடுப்பு இருந்தால் வேலை ஓடாது என்று காலையில் அதைக் கழற்றி மூலையில் வைத்தவன் நான். இரண்டு ராத்திரி கண்விழித்து வேலை பார்த்திருந்த அவன் அதைக் கவனிக்கவில்லை. அடிபட்டு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் திரும்பி வந்து அதை மாட்டிவைத்தவனும் நான். "தூக்கக் கலக்கத்துல கையை எப்படியோ உள்ள வுட்டுட்டான்" என்று ஊருக்குச் சொன்னேன். அவனுக்கே அப்படித்தான் சொன்னேன். முப்பது வருஷம் சொன்னதை நோட்டிலும் எழுத உட்கார்ந்தேன். பேனா உண்மையை எழுதிவிட்டது. சரி, இப்போதைக்கு இருக்கட்டும், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

இந்த 'கடைசியில்' என்பது என் தொழில் கொடுத்த பழக்கம். எங்கள் வேலையில் டை என்கிற அச்சை மாட்டி முதலில் அடிக்கும் உருப்படிக்கு ஃபர்ஸ்ட் பீஸ் என்று பெயர். அதை ஆர்டர் கொடுத்த கம்பெனிக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அவர்கள் அளந்து பார்த்து, இங்கே பிசிறு, அங்கே அரை மில்லி கூட என்று திருப்பி அனுப்புவார்கள். சரிசெய்து மறுபடி அனுப்பி, அவர்கள் ஓகே போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். ஃபர்ஸ்ட் பீஸ் எப்போதும் திரும்பி வரும். நான் பொத்தானை அமுக்கியதும் திரையில் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. ஆகா, ஃபர்ஸ்ட் பீஸ் போயிருக்கிறது, குறை சொல்லி அனுப்பட்டும், ஏழாம் அத்தியாயத்தை அப்போது மாற்றுவோம் என்று நிம்மதியாக இருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் புத்தகம் வரப்போகிறது என்று பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் தம்பி ஃபோன் பண்ணினான்.

"இன்னாண்ணா, ரைட்டர் ஆயிட்டே! உன் புக்கை எம்பொண்ணு வாங்கிட்டா. தினம் டீ குடிக்கும்போது ஒரு அத்தியாயம் படிச்சுக் காட்டறேன்னுது. இன்னிக்கு மொதல் அத்தியாயம். மூணு நாள் பட்டினி கெடந்தேன்னு எழுதிக்கீறே? அம்மா எனக்கு வெச்சிருந்ததையும் சேர்த்துத் துன்னுட்டுப் போனவன் நீ!"

அவன் சிரித்தான். ஃபர்ஸ்ட் பீஸ் திரும்பி வராமல் நேராக விற்பனைக்கே போய்விட்டிருந்தது.

மேல் வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொல்லாமல், ஒரு அத்தியாயத்தை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"எடுத்துட்டுப் புது ஃபைல் ஏத்திரலாம், அங்கிள். ஆனா ஏற்கெனவே வாங்குனவங்க ஃபோன்ல பழசுதான் இருக்கும்."

"அத்தத் திரும்ப வாங்க முடியாதாம்மா?"

"வித்த பொருள் அங்கிள். நீங்க வித்ததை எல்லாம் திரும்ப வாங்குனீங்களா?"

பதினொரு மெஷின் ஓட்டியவன் அவர் வீட்டுச் செருப்பு அலமாரிப் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

தம்பி மகளைக் கூப்பிட்டேன். "நடுவுல ஏழாவது கொஞ்சம் போரடிக்கும் கண்ணு. அத்த வுட்டுட்டுப் படி."

"ஐயோ பெரிப்பா, ஒரு வரி வுடக் கூடாதுன்னு அப்பா ஆர்டர். வுட்டா கண்டுபிடிச்சிடும்."

தினமும் டீ நேரத்துக்கு ஃபோன் வந்தது. இரண்டாம் அத்தியாயத்துக்கு, "சைக்கிள் உன்துன்னு போட்டுக்கீறே, அது வாடகை சைக்கிள்ணா." நாலாவதுக்கு, "ஓனரை எதிர்த்து நின்னியா? எப்போ? நான் எங்க போயிருந்தேன்?" ஆறாவதுக்கு, "ஷோக்கா கீதுண்ணா. அழுதுட்டேன், போ." ஒவ்வொரு நாளும் நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும், "டீ குடிச்சியா?" என்றுதான் கேட்டேன்.

ஏழாவது படிக்கும் நாள் ஃபோன் வரவில்லை. நாலரை ஆனது. ஐந்து ஆனது. சட்டையை மாட்டிக்கொண்டு சேக்காட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கத் தோன்றாமல் நடந்தே போனேன்.

கூடத்தில் தம்பி உட்கார்ந்திருந்தான். டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. மகள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

"வா. உக்காரு" என்றான். உட்கார்ந்தேன்.

"அந்தத் தடுப்ப யாருண்ணா கழட்டுனது?"

"அதான் புக்குல எழுதிக்கீறேனேடா."

"புக்கு ஊருக்கு எழுதுனது. எனக்கு நீ வாயால சொல்லு."

எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன். சங்கத்துக் கூட்டத்தில் மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தரமாட்டேன் என்று பெயர். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாக, "டீ ஆறிப்போச்சுடா" என்றேன். அவன் அவசரப்படுத்தவில்லை. மூன்று விரலால் டம்ளரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"நான்தான்" என்றேன்.

"தூங்கிட்டேன்னு நானே என்னைத் திட்டிகினு இருந்தேண்ணா இத்தினி வருஷம்" என்றான். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினான். "எட்டாவது படிம்மா. அவரும் கேக்கட்டும்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

எட்டாம் அத்தியாயம் நான் இரண்டாவது மெஷின் வாங்கிய கதை. அதன் முதல் வரியை நான் ரசித்து ரசித்து எழுதியிருந்தேன். தம்பி மகள் அதை நிதானமாக, ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள்: "கை போன தம்பியையும் கைவிடாமல் கூடவே வைத்துக்கொண்டு முன்னேறினேன்."