மழையிலும் பூவாளி

காலை எட்டுப் பன்னிரண்டு ரயிலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் பெண்மணி செங்கா சன்னலை இழுத்து மூடிவிட்டு, மஞ்சள் பூவாளியுடன் நடைமேடைக்கு வந்துவிடுவார். ஆறு தொட்டிகளில் டாஃபடில் பூக்கள். மழை கொட்டினாலும் தண்ணீர் ஊற்றுவார். கிளாஸ்கோ பக்கத்துச் சிற்றூரான ஆக்கன்ஷீலில் பெரும்பாலும் மழைதான்.

கண் பூவில் இருக்காது, பாலத்தில் இருக்கும். ஊரில் பாதிப்பேர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். முப்பத்தெட்டுப் படி ஏறி இறங்கித்தான் கிளாஸ்கோ வண்டியைப் பிடிக்க வேண்டும். வண்டி வந்த பிறகும் யாராவது பாலத்தில் இருந்தால், செங்கா பூவாளியைத் தலைக்கு மேல் தூக்குவார். டிரைவர் கதவை மூட மாட்டார். இப்படி எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

யாரோ தவறவிட்ட கையுறைகளை வேலிக்கம்பிகளில் மாட்டிவைப்பதும் அவர்தான். நிலையத்தின் கதையைக் கேட்டால் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்: "நிலக்கரிக்குன்னு கட்டுனாங்க. ஆளே ஏறலன்னு சாத்துனாங்க. இருபது வருஷம் ஊரே கத்துச்சு, மறுபடி தெறந்தாங்க. அரை மணிக்கு ஒண்ணு, ஞாயித்துக்கெழம மணிக்கு ஒண்ணு. போதுமா?" மறுபடி திறந்த அன்று கொடியசைத்த பள்ளிப் பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

அந்தப் பூவாளி அதிகமும் உயர்ந்தது ஹெக்டருக்காக. எழுபத்தொன்பது வயது, தேய்ந்த முட்டி, பழுப்புத் தட்டைத் தொப்பி. நகரத்து முதியோர் இல்லத்தில் இருக்கும் தம்பியோடு தேநீர் குடிக்கத் தினமும் போவார். மகள் ஐல்சாவுக்கு ரயில் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அப்பாவுக்காக வண்டி காத்து நிற்பது அவளுக்குப் பிடிக்காது.

"முப்பது விநாடிப்பா. பின்னால வர்ற நாலு வண்டிய அது இழுக்கும்."

"என் முட்டிகிட்ட சொல்லும்மா."

யாரோ ஒரு பயணி புகார் எழுத, பிப்ரவரியில் மேலிடத்துக் கடிதம் வந்தது. இன்னொரு முறை வண்டியைக் காக்கவைத்தால், செங்காவுக்கு நகரத்துப் பெரிய நிலையத்துக்கு மாற்றல். நிலையத்துக்கு மேலேயுள்ள தெருவில் பிறந்து, இருபத்தொன்பது வருடம் ஒரே சன்னலில் உட்கார்ந்தவர். கடிதத்தை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினார். "பத்து நிமிஷம் முன்னாடியே கெளம்புங்க, ஹெக்டர்" என்றார். ஹெக்டரும் கிளம்பினார். மார்ச் மாதம் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் வாரம் ஐல்சா வேலைக்குத் திரும்பினாள். மழை. குடை கிடைக்கவில்லை. ஆணியில் தொங்கிய அப்பாவின் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தாள். பாலத்தின் நடுவில் இருக்கும்போதே வண்டி வந்து நின்றுவிட்டது. ஓடிப் பயனில்லை என்று நினைத்தபோது கீழே மஞ்சளாக ஏதோ உயர்ந்தது.

இருபத்தெட்டு விநாடி. தொழில் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே இறங்கினாள்.

பூவாளி இன்னும் தலைக்கு மேல்தான் இருந்தது. செங்காவின் சட்டைக்கைக்குள் தண்ணீர் வழிந்தது. முகம் வெளுத்திருந்தது.

"நீயா... தொப்பியப் பாத்தேன் கண்ணு. கை தன்னால போயிடுச்சு. அடக்கத்தன்னிக்கு வந்தவங்களுக்கு சாண்ட்விச் வெட்டுனவளே நான்தான!"

வண்டிக்குள்ளிருந்து தபால்கார டூகல் தலையை நீட்டினான். "செத்தவருக்கெல்லாம் வண்டி நிக்குது. எனக்கு ஒருநாள் நின்னுச்சா செங்கா?"

"உனக்கு முட்டி நல்லாத்தான இருக்கு? உள்ள போடா!" என்று அதட்டினார். ஐல்சாவிடம் குரல் தாழ்ந்தது. "கடுதாசி வந்தது உனக்குத் தெரியும்ல? இதோட என்னைத் தூக்கிருவாங்க."

ஐல்சா தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். "மாட்டாங்க. ரெண்டு ஸ்டேஷன் தள்ளி இந்த வண்டி ஒரு நிமிஷம் சும்மா நிக்கும். அட்டவணையிலயே இருக்கு. அங்க சரியாயிடும். எங்க திரையில தாமதம்னே விழாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"சொன்னதில்ல. நாலு வண்டின்னு மெரட்டிட்டேதான் இருந்தேன்." அவள் ஏறிக்கொண்டாள். "இனிமே தொப்பி போடல. உங்கள ஏமாத்திடுது."

மழை அவள் தலைமுடியிலிருந்து சொட்டியது. செங்கா பூவாளியைக் கீழே வைத்தார். மூடவிருந்த கதவுக்குள் கையை விட்டு, அவள் பையிலிருந்து தொப்பியை எடுத்து, அவள் தலையில் வைத்துக் காதுவரை இழுத்துவிட்டார்.